கடைசி இடத்து அணியின் கோல் காப்பாளன்

மகன் ஃபரோ தீவுகளுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது. மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பயணப் பொதிகளை ஏற்றி இறக்குகிறேன். பொதியில் ஒட்டியிருக்கும் மூன்று எழுத்துகளைப் பார்த்தே அது எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லிவிடுவேன். இந்த நாட்டின் எழுத்துகளை ஒரு பொதியிலும் நான் கண்டதில்லை. மகள்தான் கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஐஸ்லாந்துக்கும் நோர்வேக்கும் நடுவில், கடலில் சிந்திய சோற்றுப் பருக்கைகள் மாதிரி சில தீவுகள் கிடந்தன. அந்த முழு நாட்டின் சனமும் நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் சனத்தைவிடக் குறைவு என்றாள். ஆனாலும் அங்கே முதற்பிரிவு உதைபந்தாட்டத் தொடர் ஒன்று இருந்தது. பத்து அணிகள். அதில் ஒன்றுக்குக் கோல் காப்பாளனாகப் போகப்போகிறான் மகன்.

அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எட்டு வயதிலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன். பல்கலைக்கழக அணிக்கு மூன்று வருடம் விளையாடினான். அதற்கு மேல் அவனை எடுக்க யாரும் முன்வரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே உயரமானவன் அவன்தான். ஆனால் பெரிய கழகங்களில் கோல் காப்பவர்களுக்கு அந்த உயரம் போதாதாம். அவன் விளையாடிய காணொளிகளை வெட்டி ஒட்டி முப்பது நாற்பது கழகங்களுக்கு அனுப்பினான். பதில் எழுதியது இந்தத் தீவுக் கழகம் ஒன்றுதான். தங்க ஓர் அறை, விளையாடுவதற்குச் சிறிய சம்பளம், காலையில் சால்மன் மீன் தொழிற்சாலையில் வேலை.

நானும் மனைவியும் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள். என் தகப்பன், சித்தப்பாமார் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். மீன் நாற்றம் இல்லாத ஒரு வேலையை என் பிள்ளைக்குத் தேடித்தான் நான் நாடு விட்டு நாடு வந்தேன் என்று அன்று நினைத்தேன். உண்மையில் நான் ஓடி வந்தது சண்டைக்குப் பயந்து. ஆனால் அந்த நேரம் கோபத்தில் அப்படித்தான் தோன்றியது.

"மீன் வெட்டவோ இவ்வளவு படிச்சனி?" என்று கேட்டுவிட்டேன்.

மனைவிதான் என்னை அடக்கினாள். அவளும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவள். "விடுங்கோ. இஞ்ச இருந்து அவன் என்ன செய்யப்போறான்? ஆசைப்பட்டதை ஒருக்காப் பாத்திட்டு வரட்டும்" என்றாள். அவன் பொதிக்குள் மூன்று கிலோ மிளகாய்த்தூளையும் ஒரு செபமாலையையும் வைத்தாள். ஜனவரிக் குளிரில் அவன் போனான்.

மார்ச்சில் தொடர் தொடங்கியது. அந்தத் தீவுகளின் நேரம் எங்களுடையதைவிட ஐந்து மணித்தியாலம் முன்னால். அங்கே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் எங்களுக்குக் காலை பத்து மணி. முதல் நாலு ஆட்டங்களிலும் அவன் வெளியே மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில்தான் இருந்தான். மகள் வந்து கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துத் தருவாள். அரை மணித்தியாலம் பார்ப்போம். வாங்கில் கறுப்புக் குல்லாவோடு ஓர் உருவம் தெரிந்தால் அது அவன்தான் என்று மனைவி சொல்வாள். பிறகு தமிழ்ப் பூசைக்குப் புறப்பட்டுப் போவோம்.

ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வழக்கமான கோல் காப்பாளரின் கை முறிந்தது. அடுத்த கிழமை மகன் களத்தில் நின்றான். அன்று முதல் நாங்கள் சனிக்கிழமை மாலையில் பிரெஞ்சுப் பூசைக்குப் போகத் தொடங்கினோம். ஞாயிறு காலை தொலைக்காட்சிக்கு என்றாகிவிட்டது.

அங்கே ஒரே ஒரு கமரா. அதை ஏதோ கட்டடத்தின் கூரையில் வைத்திருந்தார்கள். காற்றடித்தால் படம் ஆடும்; பனிப்புகார் இறங்கினால் வெள்ளைத் திரைதான். மைதானத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு பச்சை மலை, அதில் ஆடுகள். வர்ணனையாளர் பேசுவதில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. கோலுக்கு அவர்கள் சொல்லும் சொல் மட்டும் மூன்றாம் கிழமைக்குள் மனப்பாடமாகிவிட்டது. அவ்வளவு அடிக்கடி அது வந்தது. மகனின் அணி ஏப்ரலிலேயே பட்டியலில் பத்தாவது இடத்துக்குப் போய்விட்டது. பத்துக்குக் கீழே இடமில்லை.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன், அல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். வேலை இடைவேளையில் அந்தத் தீவின் காலநிலையைப் பார்ப்பேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை எத்தனை மணிக்கு என்று அறிந்து மகனுக்கு எழுதி அனுப்புவேன். அவன் யன்னலைத் திறந்தாலே தெரிகிற விஷயம் அது. ஆட்டம் முடிந்த கையோடு, இரண்டாவது கோலுக்கு நீ இன்னும் முன்னுக்கு வந்திருக்க வேண்டும், மூலைப் பந்துக்குக் கையால் குத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன். நான் வாழ்க்கையில் ஒரு நாளும் கோல் காத்ததில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் அவனே அழைத்தான். குரல் மெதுவாக இருந்தது.

"அப்பா, மாட்ச் முடிஞ்ச உடனே மெசேஜ் போடாதேங்கோ, ப்ளீஸ். என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். நான் அங்கதான் நிண்டனான்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் அனுப்பவில்லை. எழுதி எழுதி அழித்தேன்.

யூன் மாதத்தில் அந்தக் கோல் விழுந்தது. அன்று காற்று திரையிலேயே தெரிந்தது. மூலைக் கொடிகள் மடிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் பந்தை மகனிடம் திருப்பித் தட்டினான். மகன் ஓடி வந்து அதை உயரமாக உதைத்தான். பந்து மேலே போனது, நின்றது, பிறகு வந்த வழியே திரும்பியது. மகன் பின்னோக்கி ஓடினான். பந்து அவன் தலைக்கு மேலால் போய், ஒரு தரம் நிலத்தில் குத்தி, வலைக்குள் விழுந்தது. அவன் வலையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றான். என் மனைவி எழுந்து குசினிக்குள் போனாள். நீர் ஓடும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டு விமானங்களுக்கு நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கோயில் ஆண்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. பதினைந்து விநாடி. யாரோ அதற்கு இசை போட்டு, பந்து திரும்பி வருவதை மெதுவாக்கி, வலைக்குள் விழும்போது கழுதை கத்தும் சத்தம் சேர்த்திருந்தார்கள். அனுப்பியது என்னை இருபது வருடமாகத் தெரிந்த ஒருவர். பெருநாளுக்கு என்னோடு சேர்ந்து பந்தல் கட்டுகிறவர். கீழே சிரித்த முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. "உவனை உடன வீட்டை அனுப்போணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அது யார் என்று அனுப்பியவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. கமரா அவ்வளவு தூரத்தில் இருந்ததால் முகம் தெரியாது. பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம், அவ்வளவுதான். நான் விரலைத் திரையில் வைத்தபடி இருந்தேன். என்ன எழுதுவது? அது என் மகன் என்று எழுதினால், பார்க்காதவர்களும் திறந்து பார்ப்பார்கள். எழுதாவிட்டால் சிரிப்பு தொடரும். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். குழு சட்டென்று அமைதியானது. அனுப்பியவர் என்னை அழைத்தார்.

"அண்ணை, சத்தியமாத் தெரியாது. எனக்கு லண்டனில இருந்து வந்தது. நான் உடன அழிச்சுப்போட்டன்."

"பரவாயில்லை" என்றேன். அவர் அழித்தது அவருடைய தொலைபேசியில்தான். இரண்டு நாள் கழித்து, பாரிசில் இருக்கும் என் மனைவியின் தங்கை அதே காணொளியை எங்களுக்கே அனுப்பினாள். 'சிரிச்சு வயிறு நோகுது' என்று எழுதியிருந்தாள். மனைவி அதைத் திறந்து கடைசி வரைக்கும் பார்த்தாள். தங்கைக்குப் பதில் எழுதவில்லை.

அந்தக் கிழமையே நான் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். யூலையில் பத்து நாள். கோப்பன்ஹேகன் போய் அங்கிருந்து தீவுக்குப் போகலாம் என்று எல்லாம் பார்த்துவைத்தேன். மகனுக்குச் சொன்னேன்.

"வராதேங்கோ அப்பா. நீங்கள் வந்து நிண்டா நான் பந்தைப் பாக்கமாட்டன். உங்கட முகத்தைத்தான் பாப்பன்."

நான் போகவில்லை. விடுமுறையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த யூலை முழுக்க ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்களுக்குப் பொதி ஏற்றினேன். வாய் மூடிய பெட்டி பெட்டியாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

ஓகஸ்டில் நடந்ததை இப்போதும் என் மனைவி வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்று அங்கே நல்ல மழை. எதிரணி இடப்பக்கமிருந்து தாழ்வாக ஒரு பந்தை அனுப்பியது. மகன் அதன் மேல் பாய்ந்தான். எதிரணிக்காரனும் கால் நீட்டிப் பாய்ந்தான். முழங்கால் மகனின் தலையில் பட்டது. பந்து கைக்குள் இருந்தபடியே அவன் விழுந்தான். பிறகு பந்து தானாக உருண்டு வெளியே போனது.

அவன் எழும்பவில்லை. ஆட்டக்காரர்கள் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். மஞ்சள் அங்கி போட்ட இருவர் ஓடினார்கள். அப்போது கமரா மெதுவாக அங்கிருந்து திரும்பி, மலையைக் காட்டியது. அந்த ஊரில் அது மரியாதையாக இருக்கலாம். அடிபட்டுக் கிடப்பவனை ஊர் பார்க்கக் காட்டக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். அவனைப் பெற்றவர்கள் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் மழையில் நனைந்த ஆடுகளைப் பார்த்தபடி இருந்தோம். வர்ணனையாளர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டு, திரையின் ஓரத்தைக் கையால் தடவினாள், கமராவைத் திருப்பிவிடலாம் என்பது போல.

"என்ன சொல்லுறார்? இஞ்சருங்கோ, அவர் என்ன சொல்லுறார்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கமரா திரும்பி வந்தபோது கோலில் வேறொருவன் நின்றான். அம்புலன்சின் பின்கதவு மைதான வாசலைத் தாண்டிப் போனது மட்டும் தெரிந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

மகனின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மகள் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாள். நான் அழைத்தேன். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தார். பின்னால் கோப்பைகளின் சத்தம் கேட்டது. ஆட்ட நாட்களில் மைதானத்தில் கோப்பியும் வாஃபிளும் விற்கிறவராம். விமான நிலையத்தில் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், நான் கோல் காப்பாளனின் தகப்பன், மொன்றியலில் இருந்து கதைக்கிறேன் என்றேன். அவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணைத் திறந்துவிட்டான். பெயர் கேட்டபோது சொன்னான். தலைநகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கடலுக்கடியில் சுரங்கப் பாதை இருக்கிறது, அதிக நேரம் ஆகாது. பிறகு சற்று நிறுத்தி, கடையைப் பூட்டிவிட்டுத் தானே போவதாகச் சொன்னார். பெற்றவர்கள் தூரத்தில் இருக்கும்போது பிள்ளை அங்கே தனியாக இருக்கக்கூடாதாம்.

இரண்டரை மணித்தியாலம் கழித்து ஒரு படம் அனுப்பினார். கழுத்துப் பட்டையோடு மகன் கட்டிலில் கிடந்தான். ஒரு கண் வீங்கியிருந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்ட முயன்றிருந்தான். கட்டில் ஓரத்தில் அந்தப் பெண்ணின் கை தெரிந்தது, வாஃபிள் மா படிந்த கோட்டுக் கையோடு. நான் நன்றி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். போதாது என்று அழித்தேன். பெரிதாக எழுதினேன். அதுவும் சரியில்லை என்று அழித்தேன். கடைசியில் வெறும் நன்றிதான் போனது.

மூளை அதிர்ச்சி என்றார்கள். ஆறு கிழமை விளையாடக்கூடாது, திரைகளைப் பார்க்கக்கூடாது, வெளிச்சம் கூடாது. அதனால் முதல் முறையாக அவன் எங்களோடு நீளக் கதைத்தான். யன்னலை மூடிய அறைக்குள் படுத்தபடி, தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, தாயோடு மணிக்கணக்காகப் பேசினான். பிரெஞ்சு கலக்காமல் அவன் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. களைப்பில் வேறு மொழிகள் வரவில்லையோ என்னவோ.

ஒரு நாள் அந்தக் காற்றுக் கோலைப் பற்றித் தானே எடுத்தான். அடுத்த நாள் காலை தொழிற்சாலைக்குப் போகவே காலெழவில்லையாம். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லையாம். மேற்பார்வையாளர் அவனைப் பார்த்து, "காற்று" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, கையுறையை எடுத்துக் கொடுத்தாராம். அந்தத் தீவில் பந்தை உதைத்த எல்லாருக்கும் ஒரு தடவையாவது அது நடந்திருக்கிறதாம். பிறகு தாயிடம் கேட்டான்:

"அங்க ஆக்கள் அதைப் பாத்தவையோ அம்மா?"

"இல்லை ராசா. இஞ்ச ஒருத்தரும் பாக்கேல்ல."

"அம்மா, பாரிஸ் சின்னம்மா எனக்கும் அனுப்பினவா."

மனைவி தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவன், "சரி அப்பா, நித்திரை கொள்ளப்போறன்" என்றான்.

ஆறு கிழமை எட்டாக நீண்டது. அவன் இல்லாத அந்த நாட்களில் அணி ஒன்றை வென்றது, மற்றவற்றைத் தோற்றது. கடைசி இரண்டு அணிகளும் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பது விதி. ஒக்டோபரின் கடைசி ஆட்டத்துக்கு வைத்தியர் அவனை அனுமதித்தார். அந்த ஆட்டத்தை வென்றால் மேலே இருக்கும் இரண்டு அணிகளையும் தாண்டி, எட்டாவது இடத்தில் தப்பிவிடலாம் என்று மகள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். வென்றே ஆக வேண்டும், சமநிலை போதாது.

அன்று அவன் விளையாடியதைப் போல் அவன் விளையாடி நான் பார்த்ததில்லை. மூலைப் பந்துகளையெல்லாம் கூட்டத்துக்கு மேலால் எழும்பி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் பாயும்போது மனைவி கண்ணைப் பொத்தினாள். தலையைத்தான் பார்த்தாள், பந்தை அல்ல. இரண்டாம் பாதியில் எதிரணிக்குத் தண்டனை உதை கிடைத்தது. அவன் வலப்பக்கம் விழுந்து அதைத் தடுத்தான். மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். கூரை மேல் கமரா குலுங்கியது. அதை இயக்கியவரும் துள்ளியிருக்க வேண்டும்.

ஆனால் கோல் காப்பாளன் கோல் போட முடியாது. மறுமுனையில் எங்கள் முன்வரிசைக்காரர்கள் வெறுங்கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிடத்தில் மகனும் ஓடிப் போய் எதிரணிக் கோலுக்கு முன்னால் நின்றான். பந்து அவனிடம் வரவேயில்லை. சைபருக்குச் சைபர். விசில் ஊதியது. அவன் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்திருந்தான். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

திசம்பரில் வீட்டுக்கு வந்தான். நான் வேலை உடுப்போடேயே வருகை வாசலில் நின்றேன். மெலிந்திருந்தான். இடப்பக்கப் புருவத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு. முதல் மூன்று நாளும் தூங்கினான். பிறகு வாசல் பனியை வழித்தான், தாயோடு கடைக்குப் போனான், பூசைக்கும் வந்தான். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் அந்தப் பந்தல் நண்பர் எங்களிடம் வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தான்.

நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வேலைத்தலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து, விண்ணப்பப் படிவத்தை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவன் அதை எடுத்து முழுவதையும் வாசித்தான். பிறகு மடித்துப் பழத்தட்டுக்குக் கீழே வைத்தான். அன்று பின்னேரம் சொன்னான், இன்னுமொரு பருவத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக. தீவிலிருந்து புறப்படும் முன்பே போட்டுவிட்டானாம்.

"தலையில அடிபட்டதுக்குப் பிறகுமோ? கீழ்ப்பிரிவிலயோ? ஏன் தம்பி?"

அவன் யோசித்தான். தமிழில் தேடினான் என்று நினைக்கிறேன்.

"தெரியாது அப்பா. முடிஞ்ச மாதிரி இல்லை."

தாய் அழுதாள், பிறகு தூளுக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கினாள். நான் பெட்டியைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

கீழ்ப்பிரிவு ஆட்டங்களை அவர்கள் ஒளிபரப்புவதில்லை. அங்கே கூரை மேல் கமரா வைக்க ஆளில்லை. கழகத்தின் பக்கத்தில் கோல் எண்ணிக்கையை மட்டும் போடுவார்கள், அதுவும் யாருக்காவது நேரம் கிடைத்தால். இப்போது ஞாயிறு காலைகளில் நான் தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு, விரலால் கீழே இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். ஒரு சின்ன வட்டம் சுற்றும், நிற்கும். மனைவி குசினி வாசலில் ஈரக் கையோடு நிற்கிறாள்.

"என்னவாம்?"

"இன்னும் ஒண்டும் போடேல்ல."